எந்த அதிகாரம் என்று கேட்டேன்: தர்மபுரிச் சபைப் பலகைகளைத் தேடி ஒரு நாள்

வருடக் கடைசி வாரம் எனக்கு ஆகவே ஆகாது. சேலத்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். நவம்பர் பிறந்தால் காலண்டர், கிறிஸ்துமஸ் வாழ்த்து, சபைகளுக்கான வாக்குத்தத்தக் கார்டு என்று மூச்சு விட நேரமிருக்காது. கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். கடையில் மை வாசனையும் நானும் மட்டும் இருப்போம். ஒரு வருடம் போயிற்று, என்ன செய்தோம் என்று தேவையில்லாத கணக்கெல்லாம் மண்டைக்குள் ஓட ஆரம்பிக்கும். வீட்டில் இருந்தால் மனைவியிடம் வம்பு வளர்ப்பேன். அதனால் அந்த வாரத்தில் ஒரு நாள் எங்காவது கிளம்பிவிடுவது வழக்கம்.

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு தெரியும். ஊர் ஊராகப் போய் விசித்திரமான அறிவிப்புப் பலகைகளைப் படம் எடுப்பேன். அதிலும் கிறிஸ்தவச் சபைகளின் பலகைகள் என்றால் எனக்குத் தனிப் பிரியம். எழுதியவர் சிரிக்க வைக்க நினைத்திருக்க மாட்டார், அதுதான் அதன் ருசி. கமெண்டில் வந்து கோபித்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நானும் ஞாயிற்றுக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருகிறவன்தான். சொந்த வீட்டுக்காரனுக்குக் கேலி செய்ய உரிமை உண்டு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பர் முப்பதாம் தேதி தர்மபுரி மாவட்டத்துக்குப் போனேன். சேலம் பேருந்து நிலையத்தில் காலை ஆறு மணி வண்டி. அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. வானம் விடிந்தும் விடியாத மாதிரி அழுக்காகக் கிடந்தது. இரண்டு நாளாக விட்டுவிட்டு மழைத் தூறல். படம் எடுக்க லாயக்கில்லாத வெளிச்சம்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு வெளியே அன்வர் பாய் காரோடு நின்றிருந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர், உள்ளூர்க்காரர். இரண்டு வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது பழக்கம். அதற்குப் பிறகு அவரே எனக்கு ஒற்றன் ஆகிவிட்டார். சவாரி போகிற வழியில் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே போன் வந்துவிடும். நாள் முழுக்க அவர் வண்டிக்கு டீசலோடு சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் இடங்களுக்குப் பேருந்தை நம்பிப் போனால் ஒரு நாளில் இரண்டு பலகைகூடப் பார்க்க முடியாது, ஆகவே கார் எடுப்பதே நல்லது.

"உங்காளுங்க போர்டு மட்டும் எடுக்கறீங்களே சார், எங்க பள்ளிவாசல் பக்கமும் வாங்க. செருப்பு காணாமப் போனா நாங்க பொறுப்பில்லைன்னு அங்கயும் எழுதியிருக்குதுங்க" என்றார் பாய், கிளம்பும்போதே.

முதல் பலகை நகரத்தை விட்டு வெளியே வருமுன்பே கிடைத்தது. ஒரு காலி மனையில் பெரிய பிளெக்ஸ். "பூரண சுகமளிக்கும் பெருங்கூட்டம்! எந்த வியாதியும் நில்லாது!" அதன் குறுக்கே புதிதாக ஒட்டிய வெள்ளைப் பட்டை: "பாஸ்டருக்குக் காய்ச்சல் என்பதால் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டுள்ளது." பாய் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. பட்டையை ஒட்டியவர் கோணலாக ஒட்டியிருந்தார். அந்த மழையில் யார் ஏணி போட்டு ஏறினாரோ பாவம்.

அங்கிருந்து தெற்கே பத்து கிலோமீட்டரில் நல்லம்பள்ளி. ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சபையின் வாசல் பலகையை பாய் எனக்காகவே குறித்து வைத்திருந்தார். "வண்டியைப் பூட்டிவிட்டு உள்ளே வரவும். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பூட்டாமல் விட்ட இரண்டு வண்டிகள் இன்னும் கிடைக்கவில்லை." இதை எழுதியவர் நிச்சயம் வண்டியைப் பறிகொடுத்தவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் இவ்வளவு நேர்மை வராது. படம் எடுக்கும்போது தூறல் லென்ஸில் விழுந்தது. துடைத்துத் துடைத்து எடுத்ததில் ஒன்றுதான் தேறியது.

அடுத்து இண்டூர். பாய் குறுக்கு வழியில் கூட்டிப் போனார். சாலை சுமார், ஆனால் வண்டி நடமாட்டம் குறைவு. அந்தப் பக்கம் ஒரு சபையின் பின்னால் சிமெண்டுத் தொட்டி, அதன் மேல் தகரத்தில்: "இது ஞானஸ்நானத் தொட்டி. மாடு கழுவாதீர்கள்." பக்கத்து வயலில் ஒரு மாடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு இடத்தில் "உபவாச ஜெபம், காலை பத்து முதல் ஒன்று வரை. சரியாக ஒன்றே காலுக்குச் சிக்கன் பிரியாணி. முன்பதிவு அவசியம்." மூன்று மணி நேர உபவாசத்துக்கு முன்பதிவு எதற்கு, பிரியாணிக்குத்தான்.

திரும்பி வரும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம். கம்பிக் கதவின் இடது பக்கம் ஒரு பலகை: "அனுமதியின்றி உள்ளே வருபவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும்." வலது பக்கம் இன்னொன்று: "எல்லோரும் ஒரு நாள் இங்கேதான் வந்தாக வேண்டும்." இரண்டையும் ஒரே படத்தில் பிடித்தேன். நல்ல படம். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சிரிப்பு வரவில்லை. அன்று காலை எழுந்ததிலிருந்தே மனசு சரியில்லை என்று தோன்றியது. டீ குடிக்கலாம் என்றார் பாய். குடித்தோம். ஒரு டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை அதிகம்.

தர்மபுரிக்குத் திரும்பி அங்கிருந்து அரூர் நாற்பது கிலோமீட்டர். அரூரில் மதியச் சாப்பாடு, இரண்டு பேருக்கு இருநூற்று எண்பது. கீரைக் கூட்டு நன்றாக இருந்தது, மற்றது சொல்வதற்கில்லை. தீர்த்தமலை அங்கிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். சாயங்காலம் மலையடிவாரம் வரையாவது போய்விட்டுத் திரும்பலாம் என்பது திட்டம்.

அந்தச் சாலையில் பாதி தூரம் போனதும் பாய் வண்டியை இடது பக்கம் ஒரு மண் சாலையில் திருப்பினார். "ஒரு சுவரு இருக்குதுங்க சார். போன மாசம் சவாரி வந்தப்பப் பாத்தேன். நீங்க பாத்தா வுட மாட்டீங்க."

ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நாற்பது, ஐம்பது வீடு. ஊர் முடிகிற இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன சபை. சாலையைப் பார்த்த சுவர் முழுக்க நீல எனாமலில் பெரிய எழுத்துகள்.

"2023. இந்த ஆண்டின் வாக்குத்தத்தம். உன் மகன் இந்த வருடமே சுகமாய் வீடு வந்து சேருவான்." கீழே சிவப்பில்: "சபையார் அனைவருக்கும்."

அன்று முழுக்க வராத சிரிப்பு அப்போது வந்தது. கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். நடப்பதோ 2025-இன் கடைசி. மூன்று வருடமாக அந்த மகன் வந்துகொண்டே இருக்கிறான். அது போக, சபையார் அனைவருக்குமாம். மகனே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? மகனை வீட்டில் வைத்துக்கொண்டு இவன் எப்போது கிளம்புவான் என்று காத்திருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? காரை விட்டு இறங்கும் முன்பே இந்தப் பதிவின் தலைப்புப் படமாக இதைப் போடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வாக்குத்தத்தம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தாண்டு ஆராதனையில் ஒரு டப்பாவில் வசனக் கார்டுகளைப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொல்வார்கள். கையில் வருவதுதான் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த ஊர்ச் சபையில் இதற்கு மேலே ஒரு வழக்கம் இருந்தது. வருடத்துக்கு ஒரு குடும்பம் முறை வைத்து முதல் கார்டை எடுக்கும். அது அவர்களுக்கு மட்டுமல்ல, சபைக்கே உரிய வாக்கு. பாஸ்டர் அதை வாங்கிப் படித்து, தன்னிடமே வைத்துக்கொண்டு, மறுநாள் சுவரில் எழுதுவார். வருடம் முடியும்போது அதை எடுத்தவரே வந்து சுண்ணாம்பு மட்டையால் முதல் பூச்சுப் பூச வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

சுவர் ஓரத்தில் முப்பது வயதைத் தாண்டிய ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கெட்டில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவர்தான் அந்தச் சபையின் பாஸ்டர், தானியேல். கொஞ்சம் தள்ளி, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடை மேல் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது இருக்கும். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நான் இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு பாஸ்டரிடம் போனேன்.

"ஸ்தோத்திரம் பாஸ்டர். மூணு வருஷம் ஆச்சே, இது இன்னும் காலாவதி ஆகலையா?"

"ஸ்தோத்திரம்ங்க. இன்னிக்கு அழிக்கறதா இருக்கறோம்" என்றார். நிமிரவில்லை.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் தொழில் புத்தி என்னை விடாது. எங்கே எதை அச்சடித்திருந்தாலும் முதலில் குறையைத்தான் கண் தேடும். கார்டு என்றால் வசனத்துக்குக் கீழே அது எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம் என்று கட்டாயம் இருக்கும். சுவரில் அது இல்லை.

"எந்த அதிகாரம்னு போடாம விட்டுட்டீங்களே பாஸ்டர். பதினஞ்சு வருஷமா நானே இந்தக் கார்டெல்லாம் அச்சடிக்கிறேன். இப்படி ஒரு வசனம் என் மெஷின்ல ஓடினதே இல்லையே. எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

அவர் சுண்ணாம்பை இன்னும் வேகமாகக் கலக்கினார். பக்கெட்டிலிருந்து தெறித்துக் கால் மேல் விழுந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

குழாயடியிலிருந்து குரல் வந்தது. "சிரிங்க சார், நல்லா சிரிங்க. போறவன் வாரவன் பாக்கட்டும்னுதான் வெச்சிருக்கறேன்."

அந்த அம்மா எழுந்து வந்தார். பெயர் எஸ்தர். அந்த வருடம் முதல் கார்டை எடுத்தது அவர்தான். ஒரே மகன் சாமுவேல், போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன். இந்தப் பக்கத்துப் பையன்கள் பலர் அப்படிப் போகிறார்கள். வண்டி மாதக்கணக்கில் வடக்கே எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கும். அவனிடமிருந்து ரொம்ப நாளாகப் போன் இல்லாமல் இருந்த நேரத்தில்தான் அந்தப் புத்தாண்டு வந்திருக்கிறது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஐயா கையில குடுத்தேன். அவரு படிச்சாரு. உன் மவன் வூடு வந்து சேருவான்னு. சபையே கைதட்டுச்சு. அந்த வாரமே போன் பண்ணிட்டானுங்க. செல்லு தண்ணியில வுழுந்துடுச்சும்மா, நான் நல்லாத்தான் இருக்கறேன், ஆடி கழிஞ்சு வந்துடறேன்னான்."

பாய் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"ஆடியிலயே செத்துட்டான். குழாய் இறக்கறப்ப சங்கிலி அறுந்து மேல வுழுந்துடுச்சாம். ரெண்டு நாளு கழிச்சுத்தான் எங்களுக்குச் சேதி. எடுத்தாற முடியாதுன்னு அங்கயே பொதச்சுட்டாங்க. அவன் பை மட்டும் வந்துச்சு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்த கேமராவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் அழவில்லை. அழுகிற ஆள் மாதிரியும் தெரியவில்லை. கோபத்தில் இருந்தார்.

"வருசம் முடிஞ்சுது, வந்து மட்ட புடின்னாங்க. மாட்டேன்னுட்டேன். வாக்குக் குடுத்தவரு பதிலு சொல்லட்டும், அப்பறம் அழிக்கறேன்னேன். அடுத்த வருசமும் மாட்டேன்னுட்டேன். தெனம் காலையில வந்து இந்தச் சுவரு முன்னால நின்னு கேக்கறேன் சார். சொன்னியே, ஏன் செய்யலன்னு. சபையில எல்லாருக்கும் எம்மேல வருத்தம். ரெண்டு வருசமாப் புது வாக்கு இல்லையே, எங்க புள்ளைங்களுக்குக் கலியாணம் காச்சி ஆவ வேணாமான்னு கேக்கறாங்க. அதுவும் நாயந்தானே. அதான் இன்னிக்கு வரச் சொன்னாரு, வந்தேன். ஆனா கையி போவல."

பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இந்த சார் ஒண்ணு கேட்டாரே, எந்த அதிகாரம்னு. நீங்க சொல்லலியே. இத்தன நாளு எனக்குக் கேக்கத் தோணல பாருங்க. எங்க எழுதியிருக்குதுன்னு காட்டுங்க. அந்த எடத்துல வெரல வெச்சு ஒருக்கா கேட்டுப்புட்டு, அழிச்சுடறேன்."

பாஸ்டர் கலக்குவதை நிறுத்தினார். ஏதாவது ஒரு அதிகாரத்தைச் சொல்லுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, எந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாலும் போதும். பாஸ்டருக்கும் அது தோன்றியிருக்கும். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப் போவதில்லை.

"அப்படி ஒரு எடம் இல்லக்கா" என்றார்.

"இல்லன்னா?"

"கார்டுல அது இல்ல. நீங்க முன்னால வந்து நின்னீங்க. நாப்பது நாளா போன் இல்லன்னு சபையே உங்களுக்காக ஜெபம் பண்ணிட்டு இருந்த நேரம். உங்க மொகத்தப் பாத்துட்டு அதுல இருந்ததப் படிக்க எனக்கு வாய் வரலக்கா. நானா சொல்லிட்டேன். சொன்னப்பறம் சுவத்துல எழுதித்தான ஆவணும். எழுதிட்டேன். அவன் போன் பண்ணதும், சரி, ஆண்டவரே என்னய வெச்சு சொல்லியிருக்காருன்னு நானே நம்பிட்டேன்."

மழை கொஞ்சம் பலமாக விழ ஆரம்பித்தது. யாரும் நகரவில்லை. எஸ்தரக்கா அவரை அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப அவரு சொல்லலியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"எம்பையனப் பத்தி அவரு ஒண்ணுமே சொல்லலியா?"

பாஸ்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"என் கையில வந்த கார்டுல என்னதான் இருந்துச்சு?"

"நெலத்துல வெளச்சல் நல்லா வரும்ங்கற மாதிரி ஒரு வசனம்க்கா."

எஸ்தரக்கா விரல் மடக்கி யோசித்தார். கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது முகம். "வந்துச்சுங்க" என்றார். "அந்த வருசம் குச்சிக்கெழங்கு நல்லாத்தான் வெளஞ்சுச்சு. வண்டி வண்டியா ஏத்துனோம்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அந்தக் கோபம் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டரை வருடமாக அவருக்குச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். காலையில் எழுந்தால் போய் நின்று கேட்க ஒரு சுவர் இருந்தது. யாரோ பொழுதுபோகாமல் சேலத்திலிருந்து கிளம்பி வந்து கேட்ட ஒரு கேள்வியில் அது போய்விட்டது. பொய் உடைந்தது நல்லதுதானே என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லிப் பார்த்தேன், திரும்பி வரும் வழியெல்லாம். ஒட்டவில்லை.

அவர் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மட்டையை எடுத்தார். முதல் பூச்சோடு நிற்கவில்லை. பாஸ்டர் உதவிக்கு வந்தபோது "வேணாம்ங்க, நீங்க இருங்க" என்றார். எட்டாத இடத்துக்கு அன்னக்கூடை மேல் ஏறி நின்று பூசினார். ஈரச் சுவரில் சுண்ணாம்பு பிடிக்காமல் வழிந்தது. வழிந்த இடத்தில் மறுபடி பூசினார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பாய் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "தீர்த்தமலைக்குப் போவணுங்களா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: தர்மபுரியை வைத்துக்கொண்டு நல்லம்பள்ளி, இண்டூர் பக்கத்தை அரை நாளில் முடித்துவிடலாம். அரூர், தீர்த்தமலைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், என்னைப் போல ஒரே நாளில் அடைக்காதீர்கள். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்றினோம். பேருந்து, கார், சாப்பாடு, டீ எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. டிசம்பரில் குடை அவசியம். சபைகளில் படம் எடுப்பதை யாரும் தடுக்கவில்லை, பல இடங்களில் டீ வேண்டுமா என்று கேட்டார்கள். பலகையைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், பாதகமில்லை. ஆனால் அதை எழுதியவர் பக்கத்தில் நிற்கும்போது உங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்டாதீர்கள். மற்ற படங்களை மேலே போட்டிருக்கிறேன். அந்தச் சுவரின் படம் என்னிடம் இருக்கிறது, போடவும் மனசில்லை, அழிக்கவும் மனசில்லை.

நாங்கள் காரில் ஏறும்போது எஸ்தரக்கா கை கழுவிக்கொண்டு வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணாடியை இறக்கினேன்.

"சார், நீங்கதான் கார்டு அச்சடிக்கறவருன்னு சொன்னீங்கல்ல? அதுல மவனப் பத்தி ஒண்ணு கூட இருக்காதுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்று அந்த ஊரில் ஒரு பொய்க்கு என்ன விலை என்று பார்த்தபிறகு வாய் வரவில்லை. "பிள்ளைங்களப் பத்தி ஒண்ணு ரெண்டு எப்பவும் இருக்கும்க்கா. எல்லா டப்பாவுலயும் போடுவோம்" என்றேன்.

அவர் சபையைத் திரும்பிப் பார்த்தார். ஈரம் காயாத வெள்ளைச் சுவர். பிறகு ஊர்ப் பக்கம் வீடுகளைப் பார்த்தார், ஒவ்வொன்றாக.

"அப்ப அன்னிக்கு வேற யாரோ எடுத்துட்டாங்க" என்றார்.